பார்க்கிற வேலைக்குக் கூலி இல்லையா?

டிசம்பர் மாத உந்துவப் பௌர்ணமிக்குத் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரைக்கும் நல்லதண்ணியில் சீசன். சிவனொளிபாதமலைக்கு வர்ற வாகனங்கள் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று ஏறி, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுத்திக்கிட்டு நல்லதண்ணிக்கு வந்து சேரும். ஹட்டனிலிருந்து கணக்குப் போட்டா 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. போயா நாளிலும் சனி ஞாயிறிலும் அந்தக் கொஞ்ச தூரத்துக்கு எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசிச் சில கிலோமீட்டர் நத்தை ஊர்றது மாதிரித்தான்.

அந்த வரிசையில் ஒரு காட்சி எல்லாருக்கும் பழக்கம். ரோட்டோரம் ஒரு வேன். பொனட்டைத் தூக்கி வச்சிருக்காங்க, இல்லாட்டி டிரைவர் சீட்டைக் கழட்டி வச்சிருக்காங்க. ஆவி பறக்குது. ஒரு பொடியன் பீலியிலிருந்து போத்தலில் தண்ணி பிடிச்சிட்டு ஓடி வர்றான். சுத்தி நிக்கிறவங்க எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்றாங்க: “மலை ஏறுனா சூடாகத்தான் செய்யும். கொஞ்சம் ஆறட்டும்.”

இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது.

மலை ஏறினா எஞ்சினுக்குப் பாரம் கூடும், உண்மை. டிராபிக்கில் நின்னா காத்து வராது, அதுவும் உண்மை. ஆனால் இந்த இரண்டையும் தெரிஞ்சுதான் அந்த வண்டியைச் செஞ்சிருக்கிறார்கள். ஒழுங்கான நிலையில் இருக்கிற வண்டி ஏத்தத்திலும் கொதிக்காது, நெரிசலில் மணிக்கணக்கா நின்னாலும் கொதிக்காது. கொதிச்சா எங்கேயோ ஒரு பழுது இருக்கு. அந்தப் பழுதைப் பெரும்பாலும் அரை மணித்தியாலத்தில், கண்ணாலும் கையாலும் கண்டுபிடிக்கலாம். ஆனால் நம்ம பக்கத்தில் அதைத் தேடுறதே இல்லை. கொஞ்சம் யோசிச்சா காரணம் புரியும்: தேடுறதுக்கு யாரும் காசு கொடுக்கிறதில்லை. கழட்டுறதுக்கும் மாத்துறதுக்கும்தான் காசு. இந்த ஒரு பழக்கம் எத்தனை எஞ்சினைத் தின்னுது, எத்தனை பேரை லீசிங் கடனில் தள்ளுது, சில நேரம் உயிருக்கே எப்படி ஆபத்தாகுது என்று பேசத்தான் இது.

எப்ப சூடாகுது? அதுதான் முதல் கேள்வி

எஞ்சினுக்குள் எரியிற எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும். இன்னொரு பங்கு சைலன்சர் வழியாப் புகையோடு போயிரும். மிச்சப் பங்கை ரேடியேட்டர்தான் வெளியே தள்ளணும். அதுக்கு இரண்டு ஓட்டம் வேணும். உள்ளே தண்ணி ஓடணும், வெளியே காத்து ஓடணும். தண்ணியை ஓட்டுறது வோட்டர் பம்ப். காத்தை, வண்டி வேகமாப் போனா வேகமே கொண்டு வந்து தரும். வண்டி நின்னா ஃபேன்தான் இழுக்கணும்.

இந்த ஒரு விஷயம் புரிஞ்சா பாதிப் பழுதைப் பொனட்டைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். கினிகத்தேனைப் பக்கம் ஓடும்போது முள்ளு நடுவில் நிக்குது, நல்லதண்ணி நெரிசலில் நின்னதும் மேலே ஏறுது, திரும்ப ஓட ஆரம்பிச்சா இறங்குது என்றால் காத்து ஓட்டத்தில்தான் கோளாறு. முதலில் ஃபேனைப் பாருங்க. நின்னா ஒன்னுமில்லை, ஏத்தத்தில் மட்டும் சூடாகுது என்றால் தண்ணி ஓட்டத்தில் கோளாறு: ரேடியேட்டர் உள்ளே அடைச்சிருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியிருக்கலாம், பம்பின் இறக்கை அரிச்சுப் போயிருக்கலாம், பெல்ட் வழுக்கலாம். நின்னாலும் சூடு, ஓடினாலும் சூடு, தண்ணியும் குறைஞ்சிக்கிட்டே போகுது என்றால் ஒழுக்கு, இல்லாட்டி ஹெட் கேஸ்கட்.

“எப்ப சூடாகுது?” இந்தக் கேள்விக்கு ஒரு சதம் செலவில்லை. ஆனால் வண்டியைக் கராஜுக்குக் கொண்டு போனா இதைக் கேக்கிற பாஸ்மார் எத்தனை பேர்? கேட்டாலும் ஒழுங்காப் பதில் சொல்ற டிரைவர்மார் எத்தனை பேர்? “ஓவர்ஹீட் ஆகுது பாஸ், பாத்துச் செய்ங்க.” இவ்வளவுதான் நம்ம பேச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் “வலிக்குது” என்று மட்டும் சொல்லிட்டு, எங்கே என்று சொல்லாமல் வாயை மூடிக்கிற மாதிரி.

நெரிசலில் சூடாகிற வண்டிக்குப் பார்க்க வேண்டியது என்ன? ஆல்டோ, வேகன் ஆர் மாதிரிச் சின்னக் காரில் மின்சார ஃபேன். வண்டி ஆறியிருக்கிற நேரத்தில் ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போடுங்க. பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் சுத்தணும். சுத்தினா மோட்டார் நல்லம். சூட்டை அறிஞ்சு ஃபேனைப் போட்டுவிடுற சென்சரையோ சுவிட்சையோதான் சந்தேகப்படணும். சுத்தாட்டி ஃபியூஸ், ரிலே, வயர் பிளக், மோட்டார் என்று வரிசையாப் போகணும். ஃபியூஸ் ஒன்னு ஒரு பிளேன்டீ விலைதான். அது போனதுக்காக ரேடியேட்டரையே கழட்டின கதை நம்ம எல்லாருக்கும் தெரியும்.

டொல்பின் வேன் மாதிரிப் பழைய டீசல் வண்டியில் எஞ்சினே ஃபேனைச் சுத்தும். நடுவில் பிசுபிசுப்பான எண்ணெய் நிறைச்ச ஒரு கப்ளிங் இருக்கும். சூடானா அது ஃபேனை இறுக்கிப் பிடிக்கும், ஆறினா விட்டுக் கொடுக்கும். வயசான கப்ளிங்கில் எண்ணெய் கசிஞ்சு போயிரும். எஞ்சினை நிப்பாட்டிட்டு ஃபேனைக் கையால் ஒரு தட்டுத் தட்டுங்க. விளையாட்டுக் காத்தாடி மாதிரித் தடையே இல்லாமல் சுத்திக்கிட்டே இருந்தா கப்ளிங் செத்துப் போச்சு. (மின்சார ஃபேனில் இப்படிக் கை வைக்கக் கூடாது. எஞ்சின் நின்ன பிறகும் அது தானாச் சுத்த ஆரம்பிக்கும்.)

பிறகு ரேடியேட்டரின் முகம். ஏசி இருக்கிற வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டென்சர் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சேறு, பூச்சி, காஞ்ச புல்லு எல்லாம் மெத்தை மாதிரிப் படிஞ்சிருக்கும். தோட்டத்து மண் ரோட்டில் ஓடுற வண்டிக்கு இது சர்வ சாதாரணம். வெளியே நின்னு பார்த்தா தெரியாது. டோர்ச் அடிச்சு இடுக்கில் பார்க்கணும்.

கடைசியா ரேடியேட்டர் மூடி. அதை மூடி என்று மட்டும் நினைக்கிறோம். அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஒரு இலக்கம் அடிச்சிருக்கும். எவ்வளவு அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும் என்று அர்த்தம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கு. இந்த உயரத்தில் திறந்த சட்டியில் தண்ணி 100 பாகையில் கொதிக்காது, 96 பாகைக்குக் கிட்டவே கொதிச்சிரும். மூடி ஒழுங்கா இருந்தா உள்ளே அழுத்தம் ஏறி, கொதிநிலை இன்னும் 20 பாகை அளவு மேலே போகும். மூடியின் ரப்பர் செத்துப் போனா அந்த 20 பாகையும் போச்சு. கொழும்பில் தப்பிச்ச வண்டி நம்ம பக்கம் வந்து கொதிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். பழியை மட்டும் மலை மேல் போட்டுர்றாங்க.

நடக்கிறது என்ன?

இதெல்லாம் பார்க்க அரை மணித்தியாலம். ஆனால் நடக்கிறது வேற. வண்டி வந்ததும் முதல் வேலை, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசுறது. “இது குளிர் நாட்டுக்காரனுக்குச் செஞ்ச சாமான், நம்மளுக்குத் தேவையில்லை” என்று ஒரு விளக்கம் வேற.

தெர்மோஸ்டாட் ஒரு சின்னக் கதவு. எஞ்சின் குளிரா இருக்கும்போது மூடியிருக்கும். 82 பாகை, 88 பாகை என்று அதில் அடிச்சிருக்கிற சூடு வந்ததும் திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விடும். அதைக் கழட்டினா எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும். மார்கழிக் குளிரில், விடியக் காலையில், நம்ம ஊர் இறக்கத்தில் அது குளிர்ந்தபடியே ஓடும். எண்ணெய் கூடக் குடிக்கும், தேய்மானம் கூடும். இதை விட மோசமான விஷயம் ஒன்னு இருக்கு. பல டொயோட்டா எஞ்சின்களில் அந்தத் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. ரேடியேட்டருக்குப் போற வழியைத் திறக்கிற அதே நேரத்தில், எஞ்சினுக்குள்ளேயே சுத்துற குறுக்கு வழியை அது மூடும். அதைப் பிடுங்கி எறிஞ்சா குறுக்கு வழி எப்பவும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணியில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பத் திரும்ப எஞ்சினுக்குள் சுத்தும். ஆக, சூட்டைக் குறைக்க என்று செஞ்ச வேலை, அதிகமாக் குளிர்விக்க வேண்டிய நேரத்தில் சூட்டைக் கூட்டுது.

சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல்தான் என்றால் சோதிக்க வழி இருக்கு. அதை ஒரு நூலில் கட்டிச் சட்டித் தண்ணிக்குள் தொங்க விட்டு அடுப்பில் வைங்க. கூடவே ஒரு தெர்மாமீட்டர். அடிச்சிருக்கிற இலக்கத்துக்குக் கிட்டத் திறக்க ஆரம்பிச்சா நல்லது. திறக்காட்டி புதுசு போடுங்க. நம்ம உயரத்தில் 96 பாகையில் தண்ணி கொதிச்சாலும், 82ம் 88ம் திறக்கிறதைப் பார்க்க அது போதும். லயத்து அடுப்படியிலேயே செய்யலாம்.

இரண்டாவது வைத்தியம், ஃபேனை “டிரெக்ட்” பண்றது. சென்சரும் வேணாம், ரிலேயும் வேணாம், சாவி போட்டா ஃபேன் சுத்தட்டும். ஒரு நாள் இரவு ஊர் போய்ச் சேர இது உதவும், மறுக்கல. ஆனால் அதையே நிரந்தரமா விட்டா ரிலே இல்லாத வயர் சூடாகும், மோட்டார் சீக்கிரம் தேயும். பிறகு ஒரு நாள் அந்த ஃபேனும் நிக்கும். அன்னைக்கு வண்டியைத் திறக்கிற இன்னொரு பாஸுக்கு எந்த வயர் எங்கே போகுது என்றே தெரியாது.

மூன்றாவது, பீலித் தண்ணி. குடிக்கத் தேன் மாதிரி இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் ரேடியேட்டருக்கு வேண்டியது கூலன்ட். அது துரு பிடிக்காமல் காக்கும், கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும். வருஷக் கணக்கா வெறும் தண்ணி ஊத்தின எஞ்சினின் ரேடியேட்டரைத் திறந்து பாருங்க. தேயிலைச் சாயம் மாதிரிச் செங்காவி நிறத்தில் கொட்டும். அந்தத் துருதான் குழாயை அடைக்குது, பம்பின் இறக்கையைத் தின்னுது. அவசரத்துக்குத் தண்ணி ஊத்தலாம். அதுக்குக்கூட எஞ்சின் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறணும். கொதிக்கிற எஞ்சினில் மூடியைத் திறந்தா முகம் வெந்து போகும். ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணியை ஊத்தினா ஹெட் வெடிக்கும்.

இப்படி மூன்று வைத்தியமும் செஞ்சு முடிச்ச வண்டி, அடுத்த போயாவுக்குத் திரும்ப ரோட்டோரம் நிக்கும். இந்த முறை ஹெட் வளைஞ்சிருக்கும். பிறகு லேத், கேஸ்கட், ஒயில், கூலி. ஃபியூஸ் விலையில் முடிய வேண்டியது ஒரு மாச வருமானத்தைக் கொண்டு போகும். அந்த வேன் யாருடையது? பெரும்பாலும் ஒரு தோட்டத்துப் பொடியனுடையது. கொழும்பில் கடையில் நின்னு சேர்த்த காசையும், அம்மாவின் ஈபிஎப் காசையும் முன்பணமாக் கட்டி லீசிங்கில் எடுத்தது. வண்டி கராஜில் நிக்கிற மாசத்துக்கும் தவணை கட்டணும்.

தராசில் ஏறாத வேலை

இதுக்கெல்லாம் பாஸ்மாரை மட்டும் திட்டினா அது சோம்பேறித்தனமான கட்டுரை. அவங்க பக்கம் நின்னு யோசிங்க. ஒரு பாஸ் அரை மணித்தியாலம் உங்க வண்டியைச் சுத்திச் சுத்தி வர்றார். ஹோஸை அமுக்கிப் பார்க்கிறார், கேள்வி கேக்கிறார், ஃபேனைப் பார்க்கிறார். கடைசியில் “ஃபியூஸ்தான் போயிருக்கு” என்று மாத்திட்டு 1,500 ரூபா கேக்கிறார். என்ன சொல்வீங்க? “ஒரு ஃபியூஸுக்கு 1,500ஆ? பகல் கொள்ளை!” அதே பாஸ் ஒன்னையும் பார்க்காமல் ரேடியேட்டரைக் கழட்டி, இரண்டு நாள் வச்சிருந்து, கையெல்லாம் கிரீஸோடு வந்து 15,000 கேட்டா முணுமுணுத்துக்கிட்டுக் கொடுத்துருவீங்க. ஏன்? கழட்டினது கண்ணுக்குத் தெரியுது. யோசிச்சது தெரியல.

அப்ப பாஸ் என்ன கத்துக்கிறார்? யோசிச்சா பட்டினி, கழட்டினா சாப்பாடு. அவர் கத்துக்கிட்டதை அவர்கிட்டப் பழகுற பொடியனும் கத்துக்கிறான். “என்ன கோளாறு?” என்று கேக்கிறதுக்கு முன்னாலேயே அவன் கையில் ஸ்பேனர் வந்துருது.

இந்தப் பழக்கம் நம்மளுக்கு எங்கேயிருந்து வந்துச்சு? என் கருத்து இது: தோட்டத்திலிருந்து. நம்ம பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நம்ம உழைப்புக்கு ஒரே சாட்சி தராசு. கொழுந்து எத்தனை கிலோ? நிறை இருந்தா பேர், குறைஞ்சா அரைப்பேர். 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வந்தபோதும் சண்டை கிலோவில்தான் வந்து நின்னுச்சு. எந்தக் கொழுந்தைக் கிள்ளணும், எதை விடணும், எந்தச் செடி களைச்சுப் போயிருக்கு என்று ஒரு பெண்ணின் கண்ணும் விரலும் ஒரு நொடியில் முடிவெடுக்குதே, அந்த அறிவுக்குத் தராசில் தட்டு இல்லை. எடைக்கு மட்டும் கூலி வாங்கிப் பழகின சமூகம், தன் கையில் காசு வந்ததும் அதே தராசை எடுத்துக்கிட்டுக் கராஜுக்குப் போகுது. துரை நம்ம அம்மாவுக்குச் செஞ்சதை நாம பாஸுக்குச் செய்யிறோம்.

இது கராஜோடு நிக்கிற விஷயமும் இல்லை. “படிப்பு ஏறலையா, கராஜுக்குப் போ” என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்றாங்களே, அதுக்குள்ளேயும் இருக்கிறது இதே எண்ணம்தான். கை வேலைக்கு மூளை வேணாம் என்ற எண்ணம். நெரிசலில் மட்டும் சூடாகிற ஒரு வண்டியின் பழுதைக் கண்டுபிடிக்கிறது ஒரு கணக்குக்கு விடை காண்றதை விடச் சின்ன விஷயம் என்று யார் சொன்னது?

ஜப்பான்காரனிடம் வாங்காமல் விட்ட சாமான்

நம்ம ரோட்டில் ஓடுறதில் எத்தனையோ வண்டி டொயோட்டா. அந்தக் கம்பனியில் தாய்ச்சி ஓனோ என்று ஒரு பொறியியலாளர் இருந்தார். டொயோட்டாவின் உற்பத்தி முறையைப் பத்தி 1978இல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு உதாரணம் வரும். மெஷின் நின்னு போச்சு. ஏன்? பாரம் கூடி ஃபியூஸ் போச்சு. ஏன் பாரம் கூடுச்சு? பேரிங்குக்கு எண்ணெய் போதல. ஏன் போதல? எண்ணெய்ப் பம்ப் சரியா இழுக்கல. ஏன் இழுக்கல? பம்பின் தண்டு தேஞ்சு போச்சு. ஏன் தேஞ்சது? வடி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போச்சு. முதல் ‘ஏன்’னோடு நிப்பாட்டினா ஃபியூஸை மாத்திட்டுப் போயிருவோம், கொஞ்ச நாளில் அது திரும்பப் போகும். ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேட்டா வடியைப் போட்டு ஒரேயடியா முடிக்கலாம்.

அவங்க வேனை நாம இறக்குமதி பண்ணினோம். இந்தக் கேள்வியை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுட்டு வந்துட்டோம்.

இன்னொரு புத்தகம், 1996இல் வந்தது. ஜூலியன் ஓர் என்ற மானிடவியல் ஆய்வாளர் எழுதிய ‘டோக்கிங் எபவுட் மெஷின்ஸ்’. ஜெரொக்ஸ் கம்பனியின் போட்டோகொப்பி மெஷின்களைத் திருத்துற தொழிலாளர்களோடு சேர்ந்து திரிஞ்சு எழுதினது. அவங்க பழுது கண்டுபிடிக்கிறது கையேட்டை மட்டும் வச்சு இல்லை, ஒருத்தருக்கொருத்தர் கதை சொல்லித்தான் என்று காட்டுறார். “இதே மாதிரி ஒரு மெஷின் எனக்கும் வந்துச்சு, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா…” அந்தப் பேச்சும், மெஷினைப் பாவிக்கிறவர் சொல்ற விபரமும்தான் அவங்களுடைய முக்கியமான ஆயுதம். நம்ம ஊர் கராஜ் வாசலில் பிளேன்டீயோடு நடக்கிற பேச்சும் அதே சாதிதான். அதை நாம வெட்டிப் பேச்சு என்கிறோம். அதுவும் வேலை நேரத்தில் சேரணும்.

“காசில்லையே” என்கிறவர்களுக்கு

வரப்போற பதில் தெரியும். “இதெல்லாம் காசுள்ளவனுக்குச் சரி. நம்ம நிலைமை தெரியுமா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டினான். தனியார் வாகனத்துக்குத் திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாசத்தில் 350ஐத் தாண்டுச்சு. ஸ்பெயார் பார்ட்ஸ் விலை என்னாச்சு? பழசை வச்சு ஓட்டித்தான் ஆகணும்.”

எல்லாம் உண்மை. ஆனால் இந்த வாதம் என் பக்கம்தான் சாயுது. சாமான் விலை கூடக் கூட, தேவையில்லாத சாமானை மாத்தாமல் இருக்கிறதுக்கு மதிப்புக் கூடுது. வண்டி பழசாகப் பழசாக, பார்க்கத் தெரிஞ்ச கண்ணுக்கு மதிப்புக் கூடுது. ஊகத்தில் மூன்று சாமான் மாத்துற காசு இருக்கிறவன்தான் ஊகத்தில் வேலை செய்யலாம். அந்த வசதி நம்மகிட்ட இல்லை. ஏழை வண்டிக்குத்தான் நல்ல பார்வை வேணும்.

“ஸ்கேனர் மெஷின் இல்லையே” என்பது அடுத்தது. நெரிசலில் சூடாகிற வண்டிக்கு ஸ்கேனர் உதவும், ஆனால் அது இல்லாமலும் முடியும். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தா தண்ணி ரேடியேட்டர் வழியாப் போகல. ரேடியேட்டர் முகத்தில் சில இடம் சூடு, சில இடம் குளிர் என்றால் அங்கே உள்ளே அடைப்பு. நல்லா ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணினதும் நிக்காமல் குமிழி வந்துக்கிட்டே இருந்தா, ஒயில் டீக்குப் போட்ட பால் மாதிரி வெளுத்திருந்தா, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படு. இதுக்கெல்லாம் வேண்டியது கை, கண், ஒரு டோர்ச், பொறுமை.

பொறுமைக்குத்தான் யாரும் காசு தர்றதில்லை என்பது என் முறைப்பாடு.

இறக்கத்தில் எஞ்சினை நிப்பாட்டாதீங்க

இது காசு விஷயம் மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. சூடாகிற வண்டியை வச்சிருக்கிற சிலர் ஒரு தந்திரம் சொல்வாங்க: “இறக்கத்தில் எஞ்சினை ஒஃப் பண்ணி நியூட்ரலில் விடு. எஞ்சினும் ஆறும், எண்ணெயும் மிச்சம்.” இதைக் கெட்டிக்காரத்தனமாச் சொல்றாங்க.

எஞ்சின் நின்னா பிரேக்குக்கு உதவுற வெக்கியூம் உற்பத்தி நின்னு போகும். சேமிப்பில் இருக்கிறது ஒன்றிரண்டு மிதிக்குத்தான். பிறகு பெடல் கல்லு மாதிரி இறுகும். பவர் ஸ்டியரிங்கும் இறுகும். நியூட்ரலில் போட்டதால் வேகத்தைப் பிடிச்சு வைக்கிற எஞ்சினின் உதவியும் இல்லை. முழுப் பாரமும் பிரேக் மேல், அதுவும் சூடாகிப் பிடிக்காமல் போகும். நம்ம ரோட்டில் வளைவுக்கு வளைவு பள்ளம். மலையிலிருந்து இறங்கி, இரவு முழுக்கக் கண் முழிச்ச பயணிகள் பின்னால் தூங்கிக்கிட்டு வருவாங்க. ஒரு ஃபேன் மோட்டாரைத் திருத்தாததுக்காக ஒருத்தர் இந்தத் தந்திரத்துக்குப் போறார் என்றால், அந்த வண்டியின் பழுது இனிமேல் அவர் சொந்த விஷயம் கிடையாது.

என்ன செய்யணும்?

முதலில், பார்வைக் கூலி. ஒவ்வொரு கராஜிலும் ஒரு போர்ட் மாட்டுங்க: “கோளாறு கண்டுபிடிக்க இவ்வளவு. திருத்துறது வேறு.” டாக்டருக்குச் சீட்டுக் காசு கொடுக்கிறோம். மருந்து எழுதாமல் “ஒன்னுமில்லை, போங்க” என்று அனுப்பினாலும் கொடுக்கிறோம். அதே மாதிரி. பழுது ஃபியூஸாவே இருந்தாலும் அந்தக் காசைக் கொடுக்கிற பழக்கம் டிரைவர்களுக்கு வரணும். முதல் பத்துப் பேர் சண்டை பிடிப்பாங்க. பதினோராவது ஆள், பக்கத்துக் கராஜில் ரேடியேட்டரையும் தெர்மோஸ்டாட்டையும் இழந்துட்டு வந்தவரா இருப்பார். அவர் கொடுப்பார்.

இரண்டாவது, டிரைவர்மாருக்கு. டேஷ்போர்டில் ஒரு சின்னக் கொப்பி வைங்க. எந்த இடத்தில், நின்னுக்கிட்டா ஏறிக்கிட்டா, ஏசி போட்டா போடாமலா, எத்தனை நாளைக்கு ஒரு தடவை எவ்வளவு தண்ணி குறையுது என்று எழுதுங்க. கராஜில் அந்தக் கொப்பியை நீட்டுங்க. எந்த ஸ்கேனரும் தராத விபரம் அது. நெரிசலில் முள்ளு ஏறினா ஏசியை நிப்பாட்டி, ஹீட்டர் இருந்தா முழுசாத் திறந்து, ஓரம் கட்டுங்க. ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். உள்ளே இருக்கிறவங்க வியர்ப்பாங்க, எஞ்சின் தப்பிக்கும். முள்ளு சிவப்பைத் தொட்டா எஞ்சினை நிப்பாட்டுங்க. “இன்னும் இரண்டு வளைவுதான்” என்று ஓட்டாதீங்க. ஹெட் வளையிறது அந்த இரண்டு வளைவில்தான்.

மூன்றாவது, கராஜில் பழகுற நம்ம பொடியன்களுக்கு. நாட்டில் என்விகியூ என்ற தேசியத் தொழில் தகைமை இருக்கு. வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் கத்துக்கிட்டவங்களுக்கும் ஒரு வழி வச்சிருக்காங்க. முன் கற்றலை அங்கீகரித்தல் என்று பேர். நைட்டா மாதிரி நிறுவனத்துக்கு விண்ணப்பிச்சா உங்க வேலையை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருவாங்க. மோட்டார் மெக்கானிக் தொழிலும் அதில் இருக்கு. பத்து வருஷம் கிரீஸில் கிடந்தவனுக்கு அந்தக் கடதாசி வேணாமா? வேணும். ஆனால் அதோடு ஒரு கோரிக்கையும் வைக்கணும்: மதிப்பீடும் பாடக் குறிப்பும் ஒழுங்கான தமிழில் வேணும். வண்டியின் ஸ்டிக்கர் ஜப்பான் மொழியில், புத்தகம் இங்கிலீஷில், வகுப்பு சிங்களத்தில் என்றால் நம்ம பொடியனுக்கு மிஞ்சுறது ஸ்பேனர் மட்டும்தான். ‘ஏன்’ என்று கேக்கிறதுக்குச் சொந்த மொழி வேணும்.

நான்காவது, மலையைக் குத்தம் சொல்றதை நிப்பாட்டுங்க. மலை நம்மளுக்கு முன்னாலேயே அங்கே இருந்துச்சு. வண்டி செஞ்சவனுக்கும் மலை இருக்கிறது தெரியும். நம்ம வாழ்க்கையில் எத்தனையோ விஷயத்துக்கு “மலைநாட்டில் அப்படித்தான்” என்று சொல்லிச் சொல்லி வாயடைச்சு வச்சிருக்காங்க. ரோடு மோசமா? அப்படித்தான். லயம் ஒழுகுதா? அப்படித்தான். சம்பளம் போதலையா? அப்படித்தான். ரேடியேட்டர் கொதிக்கிறதுக்குக்கூட நாமளே அந்தப் பதிலைச் சொல்லிக்கிட்டா, மத்ததுக்கெல்லாம் “ஏன்?” என்று யாரைப் போய்க் கேக்கிறது?

வர்ற சீசனுக்கு முன்னால், உங்க வண்டி ஆறியிருக்கிற ஒரு காலையில், ஏசியைப் போட்டு ஃபேன் சுத்துதா என்று பாருங்க. சுத்தாட்டி பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தரிடம் கொண்டு போங்க. அவர் பார்த்துச் சொன்னதுக்குக் காசு கொடுங்க, பேரம் பேசாமல்.